பன்னிரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கம்

கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் றெனோல்ட்டின் வாயிலிருந்த கோப்பி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

விமானக் கதவு ஒன்றைக் கழற்றிப் பூட்டுவது எப்படி என்று சொல்லும் கையேடு அது. இருநூற்றுச் சொச்சம் பக்கமும் நல்ல பிள்ளைகளாக பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அதற்குப் பிறகு, ஒருவரும் கேட்காமலே, புதிதாக ஒரு பக்கம் முளைத்திருந்தது. அதன் உச்சியில், கலியாண வீட்டு வாசலில் எழுதுகிற அளவு எழுத்தில், சுத்தத் தமிழில் ஒரு வரி நின்றது:

"உமாபதி ஒரு எருமைமாடு."

அதன் கீழே, இந்தச் செய்தி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சொல்லப்பட்டிருக்கிறது என்று பிரெஞ்சில் ஒரு சின்னக் குறிப்பு. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் இன்னும் சில தமிழ் வரிகள்.

"ஐயோ மாதாவே," என்றான் றெனோல்ட்.

உமாபதி வேறு யாருமில்லை. இரண்டு மேசை தள்ளி இருந்து தயிர்சாதம் சாப்பிடுகிற பிரிவுத் தலைவர். நாளை வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அவர் இந்தக் கம்பனியில் முதன்முதலாகச் செய்த கையேட்டைப் புதிய பதிப்பில் மறுபடி அழகாக எடுத்து, தோல் அட்டை போட்டு, பிரியாவிடையில் பரிசாகக் கொடுக்கவேண்டும் என்பது முகாமையாளர் ஜொஸ்லினின் ஆசை. எடுத்துக் கொடுக்கும் வேலை றெனோல்ட்டுடையது. மிச்ச விடுமுறையைக் கழிப்பதற்காக உமாபதி இன்றைக்கு வீட்டில் நின்றார். மாதா செய்த ஒரே உதவி அதுதான்.

றெனோல்ட்டின் தொழிலைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட்டில், இரண்டு களஞ்சியங்களுக்கு நடுவே ஒடுங்கிப்போய் இருக்கும் அந்தக் கம்பனி, விமானப் பாகங்களுக்குக் கையேடு செய்கிறது. விசயத்தை எக்ஸ்எம்எல் என்ற கணினி வடிவத்தில் ஒரு தடவைதான் எழுதுவார்கள். இது ஆணி, இது எச்சரிக்கை, இது படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் குத்திவைப்பார்கள். பிறகு ஒரு மாற்று மென்பொருள் அதையே புத்தகமாகவும் இணையப் பக்கமாகவும் ஆக்கிக் கொடுக்கும், ஒரே மாவில் தோசையும் சுட்டு இட்டலியும் அவிக்கிற மாதிரி. எப்படிச் சுடுவது, எப்படி அவிப்பது என்று அதற்குக் கட்டளை எழுதி வைத்தவன் றெனோல்ட்.

வேலை எதுவரை வந்திருக்கிறது என்று தெரிவதற்காக, இடையிடையே ஒரு வரி சொல்லும்படி அந்த மென்பொருளைக் கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் "அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது" என்று எழுதுவார்கள். றெனோல்ட் எழுதியது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு அத்தியாயமும் தொடங்கும்போது அது அந்த வரியைச் சொல்லும். எங்கே சொல்லும்? ஒருவரும் திறந்து பார்க்காத ஒரு மூலைக் கோப்பில் போய்ச் சொல்லும். சுவருக்குச் சொன்ன மாதிரித்தான்.

அவன் இங்கே சேர்ந்து பதினாறு வருசம். சேர்ந்த முதல் குளிர்காலத்தில் மெல்லிய சப்பாத்தோடு வழுக்கி வழுக்கி வந்தவனை வாசலில் கண்டு, காரின் பின்பெட்டியிலிருந்து தன்னுடைய பனிச்சப்பாத்தை எடுத்துக் கொடுத்தவர் உமாபதி. ஜாம்ஷெட்பூரில் வளர்ந்த தமிழர். ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால், "றெனோல்ட், ஒரு சின்ன டவுட்," என்று வந்து நிற்பார். அந்தச் சின்ன டவுட் மத்தியானம் வரை நீளும். எங்கே எழுத்தைக் கண்டாலும் விடமாட்டார். தீயணைப்பான் குடுவையின் பின்பக்கத்தில் பொடியாக எழுதியிருப்பதைக்கூடக் குனிந்து நின்று வாசிப்பார். தமிழ் ஒன்றுதான் விலக்கு.

"பேச வரும், படிக்க வராது," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "எங்க ஸ்கூல்ல ஹிந்திதான். கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட அனுசூயாதான் படிச்சுச் சொல்லணும்."

அனுசூயா அவருடைய மனைவி.

இரண்டாம் வருசம் ஒரு பெரிய பதவி காலியானது. தனக்குத்தான் என்று றெனோல்ட் சட்டைகூட வாங்கிவிட்டான். கிடைக்கவில்லை. 'உமாபதிதான் வேண்டாம் என்று சொன்னாராம்' என்று சாப்பாட்டு அறையில் எவனோ ஊதிவிட்டான். நேரே போய் "ஏன் சேர் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்கிற ஆள் றெனோல்ட் இல்லை. போய்க் கணினிக்கு முன்னால் இருந்து, அந்த வரியை எழுதினான். மனம் ஆறவில்லை. பாகத்தின் இலக்கம் விடுபட்டால், "இங்கை இலக்கம் இல்லை, உமாபதியின்ரை மண்டைக்குள்ளையும் ஒண்டுமில்லை" என்று எழுதினான். படம் விடுபட்டால், "படத்தைக் காணேல்லை, உமாபதியைக் கேட்டால் விடியும்" என்று எழுதினான். அவருக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. அதைவிடப் பாதுகாப்பான கோபம் உலகத்தில் உண்டா?

உண்மை தெரிந்தது பல வருசம் கழித்து. ஜொஸ்லின்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த வருசம் கம்பனி ஆள் குறைத்ததாம். வீட்டுக்கு அனுப்ப இருந்தவர்களில் முதல் பெயர் றெனோல்ட்டுடையதாம். 'அந்தப் பெரிய பதவிக்கு ஒருவரையும் போடாதீர்கள், அந்தக் காசில் இவரை வைத்திருங்கள்' என்று மூன்று நாள் மல்லுக்கட்டியவர் உமாபதியாம். அன்றைக்கு றெனோல்ட்டுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

அவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தான். பேந்து சொல்லுவம், பிறகு பார்ப்பம் என்று விட்டான். அந்த வரிகளை அழிக்கவேண்டும் என்றும் நினைத்தான். ஆனால், அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: ஓடிக்கொண்டிருக்கிற கட்டளையில் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். ஒரு கமாவை எடுத்தால் விமானத்தின் சிறகு கழன்று வேறு பக்கத்தில் போய் நிற்கும். அதனால் வரிகள் அப்படியே இருந்தன. உமாபதி தினமும் "ஒரு சின்ன டவுட்" என்று வந்தார். ஒருநாள் சம்பந்தா சம்பந்தம் இல்லாமல், "றெனோல்ட், உங்க மன்னார்ப் பக்கம் எருமை நிறைய உண்டா?" என்றுகூடக் கேட்டார். "ஓம் சேர், காணுமளவுக்கு உண்டு," என்றான் றெனோல்ட். இப்படியே வருசங்கள் போயின.

இந்தத் திங்கட்கிழமை அந்த மென்பொருளின் பன்னிரண்டாம் பதிப்பு வந்து இறங்கியது. கூடவே, 'புதிய வசதிகள்' என்று நீளமாக ஓர் அறிக்கை. முன்னையதைவிட வேகம் என்றார்கள். உலகத்தின் எல்லா எழுத்துகளையும் அழகாக அச்சடிக்கும் என்றார்கள். ஒரே தட்டலில் எல்லா வடிவத்திலும் வெளியிட்டு, உரியவர்களுக்குத் தானாகவே அனுப்பியும் விடும் என்றார்கள். செய்ததை ஞாபகம் வைத்திருந்து, மாறினதை மட்டும் திரும்பச் செய்யும் என்றார்கள். அதுவரை வாசித்த றெனோல்ட் சாப்பிடப் போய்விட்டான். அதற்கு அடுத்த வசதியை இன்றைக்குத்தான் வாசித்தான்: 'எந்தச் செய்தியும் இனி வீணாகாது. பழையவை உட்பட எல்லாச் செய்திகளும் திரட்டப்பட்டு, அதிகம் சொல்லப்பட்டது தலைப்பாக வர, வெளியீட்டின் இறுதியில் அச்சாகும்.'

"எந்த விசரன்ரை யோசனையடா இது?" என்று அவன் வாய்விட்டுக் கேட்டபோது, கண்கள் கலங்க, கையில் அந்தப் பக்கத்தோடு ஜொஸ்லின் வந்து நின்றாள். உரியவர்களுக்கு அனுப்பிவிட்டதே!

"றெனோல்ட், நீங்கள் இவ்வளவு நல்லவர் என்று எனக்குத் தெரியாது," என்றாள். அவள் பேசுவது எப்போதும் பிரெஞ்சில். "உங்களுடைய மொழியிலேயே அவருக்கு எழுதியிருக்கிறீர்கள்! மொன் டியூ, எவ்வளவு அழகான எழுத்து! கீழே இருக்கிற குறிப்பையும் பார்த்தேன். இதை நாலாயிரம் தடவை சொன்னீர்களா?"

"அது வந்து... மென்பொருள் தானாக..."

"அடக்கம் வேண்டாம். மேலே இருக்கிற வரி என்ன சொல்கிறது?"

உண்மையைச் சொல்ல ஒரு விநாடி கிடைத்தது. அந்த விநாடியில் றெனோல்ட் அவளுடைய கண்ணீரைப் பார்த்தான், தன்னுடைய வீட்டுக் கடனை நினைத்தான்.

"ஒரு வாழ்த்து, மாடம்," என்றான்.

"என்ன வாழ்த்து?"

"எங்கடை பக்கத்துப் பழைய வாழ்த்து. பிரெஞ்சிலை சொன்னால் அதின்ரை அழகு போயிடும்."

ஜொஸ்லின் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு போனாள்.

இனி ஒரு நிமிசமும் சுணங்கக்கூடாது. றெனோல்ட் கட்டளையைத் திறந்து, உமாபதியின் பெயர் வந்த வரிகளையெல்லாம் அழித்தான். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! மறுபடி ஓடவிட்டான். கடைசிப் பக்கம் மறுபடி வந்தது. அதே எருமைமாடு, அதே அளவு எழுத்து. மாறினதை மட்டும்தானே அது திரும்பச் செய்யும்? அத்தியாயங்கள் ஒன்றும் மாறவில்லை. ஆகவே, பழைய செய்திகளை ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தது.

ஞாபகத்தை அழிக்க ஒரு வழி இருந்தது. எல்லா வடிவத்தையும் அடியிலிருந்து புதிதாக வெளியிடச் சொல்லவேண்டும். சொன்னான். பன்னிரண்டாம் பதிப்பு மிகவும் கீழ்ப்படிவானது. முதலில் இருப்பதையெல்லாம் எல்லா இடத்திலும் ஒரு தடவை வெளியிட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஞாபகத்தை அழித்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் கம்பனிச் செய்திகள் ஓடுகிற பெரிய திரை இருக்கிறதே, அங்கேயும் வெளியிட்டது. எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தான். கதவளவு உயரத்தில் எருமைமாடு நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கண்டதும் கைதட்டினார்கள்.

"பிராவோ, றெனோல்ட்!"

"மெர்சி," என்றான் றெனோல்ட். வேறு என்ன சொல்ல?

வெளியே போய் நின்று மனைவி அக்னெஸுக்குத் தொலைபேசி எடுத்தான். அவளுக்குக் கார்டெரியில், சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், வேலை. பின்னால் பத்துப் பிள்ளைகள் ஒரே சுருதியில் அழும் சத்தம் கேட்டது.

"இஞ்சாரும், ஒரு பிழை நடந்துபோச்சு," என்று தொடங்கி, முழுவதையும் சொன்னான்.

அக்னெஸ் ஒரு பிள்ளையை அதட்டிவிட்டு வந்தாள்.

"எருமைமாடு எண்டே எழுதினீங்கள்?"

"ஓம்."

"நான் பிள்ளைப்பெறேக்க ஆசுப்பத்திரியிலை கிடந்தன். நீங்கள் என்னோடை நிக்கவேணும் எண்டு உங்கடை வேலையையும் சேத்து ரெண்டு கிழமை செய்த மனுசனையோ?"

"அது பேந்து நடந்ததப்பா. எழுதினது முந்தி."

"பேந்து அழிச்சிருக்கலாமே?"

"ஓடுறதிலை கைவைக்கக் கூடாது..."

"உங்கடை வாய் ஓடாமல்தானே கிடந்தது? அதாலை ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாமே! எத்தினை வருசமாச் சொல்லுறன்!"

"சரி சரி. நல்லகாலம், அவருக்கு வாசிக்கத் தெரியாது."

"அவருக்குத் தெரியாது. அனுசூயா அக்கா வாறாவோ நாளைக்கு?"

றெனோல்ட் அதை யோசிக்கவே இல்லை. ஜொஸ்லின் உமாபதியைக் குடும்பத்தோடு அழைத்திருந்தாள்.

"அவ சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்திலை தமிழ் படிப்பிச்ச மனுசியெல்லோ," என்றாள் அக்னெஸ். "ஒரு எழுத்து விடமாட்டா. பேசாமல் அந்த வெள்ளைக்காரியிட்டைப் போய் உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு இஞ்சை ஒரு பிள்ளை கிறையோனை விழுங்குது, வைக்கிறன்."

றெனோல்ட் ஜொஸ்லினிடம் போனான். உண்மையைச் சொல்லத்தான் போனான், சத்தியமாக. அவளுடைய அறையில் அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிச் சுவரில் சாய்ந்திருப்பதைக் கண்டதும் வாய் வேறு பக்கம் போனது.

"மாடம், அந்த வாழ்த்து ஒரு மாதிரி... சபையிலை காட்டுறதில்லை. வீட்டுக்குள்ளை சொல்லுறது."

"புனிதமானதா?"

"ஓரளவுக்கு."

"அப்படியென்றால் இரட்டிப்பு மகிழ்ச்சி," என்றாள் ஜொஸ்லின். "புத்தகம் அட்டை கட்டப் போய்விட்டது. கேக்கின் மேலேயும் அதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கையாலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். நாளை மத்தியானம் தயாராக இருக்கும்."

மறுநாள் மத்தியானம் கேக் கடையில் நின்றான். கடைக்காரி ஹெய்ட்டி நாட்டு அம்மா. மூடியைத் திறந்து காட்டும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மொழி தெரியாதவள், ஒரு சுழி பிசகாமல், மண்ணிறச் சொக்லற்றில் முழு வரியையும் வரைந்திருந்தாள்.

"மூன்று மணித்தியாலம் எடுத்தது," என்றாள். "இவ்வளவு வளைவு உள்ள எழுத்தை நான் கண்டதே இல்லை."

"மிக அழகு. ஆனால் எழுத்துக்கு மேலே கொஞ்சம் பூப் போடமுடியுமா? நிறையப் பூ. எழுத்துத் தெரியாத அளவுக்கு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே கொண்டுபோய், பூப் போட்டு எடுத்து வந்தாள். மூன்று மணித்தியாலம் பாடுபட்ட எழுத்தை எவள் மறைப்பாள்? வரியைச் சுற்றி ரோசாப்பூ மாலையாகப் போட்டிருந்தாள். முன்பு வெறுமனே நின்ற எருமைமாட்டுக்கு இப்போது மாலை மரியாதையும் கிடைத்திருந்தது.

"உங்களுக்காக இலவசம்," என்றாள்.

காரில் கேக்கை முன் இருக்கையில் வைத்தபோதுதான் றெனோல்ட்டுக்கு அந்த யோசனை வந்தது. ஏப்ரல் மாதம். பனி கரைந்து, மொன்ட்ரியால் வீதிகள் எல்லாம் குண்டும் குழியுமாகக் கிடந்தன. வேறு நாட்களில் வளைத்து வளைத்து ஓட்டுகிறவன், அன்றைக்கு ஒரு குழியைத் தவறவிடவில்லை. தேடித் தேடி இறக்கினான். பக்கத்துக் காரில் போன கிழவர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசிக் குழியில் 'டப்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தான். சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. மூடியைத் திறந்து பார்த்தான். ஒரு ரோசா இதழ்கூட அசையவில்லை.

சில்லை மாற்றிக் கைநிறையக் கரியோடு அவன் வந்து சேர்ந்தபோது, சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். உமாபதி கோட்டுப் போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். பக்கத்தில் பட்டுச்சேலையும் அதற்கு மேல் குளிர்ச் சட்டையுமாக அனுசூயா. சுவரில் பெரிய திரை இருந்தது. ஜொஸ்லின் எடுக்க விடாத அந்த வரி அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அனுசூயா அதைப் பார்த்தாள். பிறகு மேசையில் இறங்கிய கேக்கைப் பார்த்தாள். பிறகு றெனோல்ட்டைப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜொஸ்லின் பேசினாள். தோல் அட்டைப் புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தாள். உமாபதி அதை வாங்கி, முதல் பக்கம் தொடங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார்.

"றெனோல்ட், இது தமிழ்தானே?"

"ஓம், சேர்."

"எனக்குத்தான் படிக்க வராதே. நீங்க எழுதினதை நீங்களே படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"அதுவும் நல்ல யோசனை!" என்றாள் ஜொஸ்லின். "முதலில் தமிழில், பிறகு எங்களுக்கு பிரெஞ்சில்."

புத்தகம் றெனோல்ட்டின் கைக்கு வந்தது. அனுசூயா இரண்டடி தூரத்தில் நின்றாள். உள்ளதை வாசித்தால் உமாபதி உடைந்துபோவார். இல்லாததை வாசித்தால் அனுசூயாவுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தைப் பார்த்தான். 'உமாபதியின்ரை மண்டைக்குள்ளையும் ஒண்டுமில்லை' என்ற வரி அவனைப் பார்த்தது.

"முதல் வரி," என்றான். புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். "முதல் வரி என்னெண்டால்... 'நான் இஞ்சை வந்த முதல் குளிருக்கு, தன்ரை சப்பாத்தைக் கழட்டித் தந்த மனுசன்.'"

உமாபதி தலையாட்டினார்.

"அடுத்தது. 'என்ரை மகள் பிறந்த நேரம், என்ரை வேலையையும் தான் செய்து, என்னை வீட்டை அனுப்பின மனுசன். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டாத மனுசன்.'"

றெனோல்ட் பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். பார்க்கப் பார்க்க வாசிக்க முடியவில்லை.

"'எனக்காக மூண்டு நாள் சண்டை பிடிச்சவர். அது தெரியாமல் நான் அவரோடை மனதுக்குள்ளை சண்டை பிடிச்சன். தெரிஞ்ச பிறகும் வாய் திறக்கேல்லை. நாளைக்கு, பேந்து எண்டு வருசத்தைக் கடத்திப்போட்டன். சேர் கேட்ட டவுட் எல்லாம் சரியான கேள்வி. அவர் கேக்காமல் விட்டிருந்தால் எத்தினை பிழை விமானத்திலை ஏறியிருக்கும். இனி என்னை ஆர் வந்து கேள்வி கேக்கப்போகினம்...'"

அதற்கு மேல் முடியவில்லை. இவ்வளவும் உண்மை. இதில் ஒன்றையாவது பதினாறு வருசத்தில் ஒரு நாள், கோப்பி குடிக்கும்போதாவது, சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் இன்றைக்குப் பொய் வாசிப்பாக வாசிக்கவேண்டி வந்திருக்காது. வெட்கம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கமாக அவன் நின்று அழுதான். பிரெஞ்சில் சொல்லுமுன்பே பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

உமாபதி வந்து, கரி பிடித்த அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா படிச்சீங்க, றெனோல்ட்," என்றார். "பதினாறு வருஷத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே இல்லை."

பிறகு கேக் வெட்டினார். முதல் துண்டை ஜொஸ்லினுக்குக் கொடுத்தார். றெனோல்ட்டுக்கு ஒரு ரோசாவோடு கொடுத்தார். 'எருமைமாடு' என்று எழுதியிருந்த நீளத் துண்டை ஒருவரும் கேட்குமுன்பே தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, "இது எனக்கு," என்றார். ரசித்துச் சாப்பிட்டார். பாவம், தெரியாத மனிதர் என்று றெனோல்ட்டுக்கு நெஞ்சு இன்னும் கனத்தது.

எல்லாம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். உமாபதி புத்தகத்தையும் கண்ணாடிச் சட்டத்தையும் பின்பெட்டியில் பக்குவமாக வைத்துக்கொண்டிருந்தார். அனுசூயா கொஞ்சம் தள்ளி நின்றாள். இனியும் பேந்து என்று விட்டால் தான் மனிசன் இல்லை என்று நினைத்து, றெனோல்ட் அவளிடம் போனான்.

"அக்கா, நான் வாசிச்சது ஒண்டும் அதிலை இல்லை."

"தெரியும்," என்றாள் அனுசூயா.

"அது முந்தின கோபம் அக்கா, விசர்க் கோபம். உண்மையா இண்டைக்கு வாயாலை சொன்னதுதான் என்ரை மனது. உங்களுக்குக் கோடி புண்ணியம், சேருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததே எனக்கு ஒரு நிம்மதி."

அனுசூயா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அவரோட முகம் கொடுத்துப் பேசறதில்லை, ஆனா கம்ப்யூட்டர்ல தினமும் தமிழ்ல என்னமோ எழுதறீங்கன்னு அதைத் தேடிப் பிடிச்சு எடுத்துட்டு வந்தார், தம்பி. நான் படிச்சுச் சொல்றேன்னேன், 'வேண்டாம், அது எனக்கு எழுதினது, நானே படிக்கணும்'னு ஐம்பது வயசுல என் பக்கத்துல உக்காந்து அ, ஆ கத்துக்கிட்டார். அவர் வாழ்க்கையில முதன்முதலா எழுத்துக்கூட்டிப் படிச்ச தமிழ் வரிதான் இப்ப கேக்குல சாப்பிட்டாரே, அது."